மெழுகண்ணன் போட்ட தாழ்ப்பாள்

நாங்கள் வேலை செய்யும் இடத்தில் பல் செட் செய்கிறோம். வாயில் ஒரு பல்லும் மிச்சமில்லாதவர்களுக்கு மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் இங்கிருந்துதான் போகின்றன. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, ஈறின் அச்சை எடுத்துத் தருவது என் வேலை. அந்த அச்சின்மேல் மெழுகு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, அதை ஒரு மனிதரின் வாய் மாதிரி ஆக்குவது என்னோடு இருக்கும் ஒரு பெரியவரின் வேலை. அதனால் அவருக்கு மெழுகண்ணன் என்று பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அறுபதை நெருங்கும் வயது. மெழுகுச் சொட்டு விழுந்து காய்ந்த மேலங்கி. சின்ன ஸ்பிரிட் விளக்கின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார். பேச்சு குறைவு. "இந்த ஆளு வாயைத் திறக்கணும்னா அதுக்கும் டாக்டர்தான் வரணும்" என்பார் முதலாளி.

ஒரு செட்டை முடித்த பிறகும் அவர் கையை விட்டு இறக்கமாட்டார். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கருவியில் மாட்டி, கடிக்க வைத்துப் பார்ப்பார். இறக்கி வைப்பார். மறுபடி எடுப்பார்.

"பாத்தாச்சே அண்ணே" என்பேன்.

"இன்னொரு தரம் பாத்தா தேய்ஞ்சா போயிடும்?"

பல்லுக்கு அந்தக் குணம் நல்லது. அவர் கட்டிய செட் கடிக்கிறது, ஆடுகிறது என்று திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

என் பிளாஸ்டர் அறைக்கும் அவருடைய மேஜைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. முன்பு ஆர்டர் பதிய வைத்திருந்தார்கள். புதியது வந்ததும் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். மதியம் நாங்கள் எல்லோரும் நீள மேஜையில் டப்பாவைத் திறக்கும்போது, அவர் மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு கையில் ரொட்டி. மறு கையின் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். பிறகு அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கண்ணாடி வழியே பார்த்தால் அவருடைய முதுகுதான் தெரியும். அந்த முதுகு, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர்களின் முதுகு மாதிரி இருக்கும்.

எங்களோடு இன்னொருத்தி இருக்கிறாள். ஒற்றைப் பல்லுக்குப் போடும் மூடிகளைத் திரையில் வரைந்து தருகிறவள். இரண்டு பிள்ளை பெற்றவள்தான், ஆனாலும் எங்களுக்கு அவள் கம்ப்யூட்டர் பொண்ணு. வாய் ஓயாது. ஒரு நாள் மெழுகண்ணன் அவளிடம் போய் நின்றார்.

"ஏம்மா, நாம ஒரு பக்கத்தைப் போய்ப் பாக்குறோம்னு வை. பாத்தது நாமதான்னு யாருக்கும் தெரியாம இருக்க வழி இருக்கா?"

"அண்ணே! இந்த வயசுல என்னத்தைப் பாக்கப் போறீங்க?"

அவர் காது சிவந்துவிட்டது. "அட போம்மா. விளம்பரத் தொல்லைக்குச் சொன்னேன். எதைத் தேடினாலும் பின்னாடியே வருது."

அதுவும் பொய்யில்லை. பல்லுக்கான சாமான் எதையாவது தேடிவிட்டால் போதும், அந்தக் கம்ப்யூட்டரில் 'பற்கள் இல்லையே என்ற கவலையா?' என்று ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். "நாளெல்லாம் பல்லு கட்டுறவன்கிட்டயே பல்லு விக்க வர்றான் பாரு" என்று முதலாளிகூடச் சிரித்திருக்கிறார்.

அவள் வந்து ஏதோ நாலு தட்டு தட்டினாள். "இதுக்குப் பேரு எக்ஸ்டென்ஷன்ணே. நெட்டு பாக்குற பிரவுசர் இருக்குல்ல, அதுல ஒட்டு மாதிரி சேத்துக்கறது. உங்க பின்னால வர்றவனை எல்லாம் வாசல்லயே தடுத்துடும். இந்தா, மேல சின்னதா கேடயம் மாதிரி இருக்கு பாருங்க, எத்தனை பேரைத் தடுத்துச்சுன்னு அதுவே கணக்கு காட்டும்." சொல்லி முடிப்பதற்குள் அவள் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஓடிவிட்டாள்.

மெழுகண்ணனுக்கு அந்தக் கேடயம் மிகவும் பிடித்துப்போனது. ஒன்று போதாது என்று தானாகவே இன்னும் தேடிச் சேர்த்தார். மூடும்போது தடம் முழுவதையும் அழிக்கிறது ஒன்று. எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரியாமல் வேஷம் போடுகிறது ஒன்று. இப்படி ஐந்து ஆகிவிட்டன. தடத்தை அழிக்கிறது இருப்பதால் ஒவ்வொரு நாளும் பெயரும் பாஸ்வேர்டும் புதிதாக அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சிரமத்தையும் அவர் விரும்பியே செய்தார் என்று நினைக்கிறேன்.

"தங்கச்சி, இன்னைக்கு முப்பது பேருக்கு மேல தடுத்திருக்காங்க நம்ம காவல்காரங்க."

"அத்தனை பேரா அண்ணே உங்களைத் தேடி வர்றாங்க?"

சிரித்தார். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். "என்னைத் தேடி வர்றவங்க அவங்க மட்டும்தாம்மா."

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர். முதலாளி போன் போட்டால் எடுக்கவில்லை. "நீ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடும்மா" என்றார். கடவுளை நினைத்துக்கொண்டே போனேன். தனியாக இருக்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒரு பயம் வரத்தான் செய்கிறது.

டயர்க் கடையின் மேலே ஒரே ஒரு அறை. வெளியே இரும்புப் படி. அறைக்குள்ளும் ரப்பர் வாசனை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மேஜை. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. கொடியில் வேலைக்குப் போடும் மேலங்கிகள் மட்டும் தொங்கின. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் கைக்கு எட்டும். சுவரில் அவர் மனைவியின் படம் இருந்தது. அந்த அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது என்று எங்களுக்குத் தெரியும். மகள் ஒருத்தி உண்டு என்றும், வெளியூரில் வேலை என்றும் கேள்வி. அவள் படம் எங்கும் இல்லை.

மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தேன். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். காய்ச்சல் கண்ணிலேயே தெரிந்தது. "மகளுக்குச் சொல்லட்டுமா அண்ணே? நம்பர் குடுங்க" என்றேன்.

"நம்பர் இல்லம்மா."

அப்புறம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக அவர் பேசாத பேச்சு முழுவதும் அன்றைக்கு வந்தது.

மனைவி போனபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இருக்கிற ஒன்றும் போய்விடக் கூடாதே என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று போன் போட்டுக் கேட்பார். அவள் போகும் பஸ்ஸின் பின்னாலேயே இன்னொரு பஸ்ஸில் போவார். கல்லூரி விடுதியில் வார்டனுக்குத் தினமும் போன். அவள் தோழிகளுக்குப் போன். வேலைக்குச் சேர்ந்ததும் அவள் மேலதிகாரிக்கும் போன் போட்டு, 'சாப்பிட்டாளா சார்?' என்று கேட்டிருக்கிறார்.

"அவருக்குக்கூடவா அண்ணே?"

"ஆமாம்மா. ஆபீஸே சிரிச்சுதாம். அப்பா, என்னை ஒரு தரம் விட்டுத்தான் பாருங்களேன்னு அழுதா. இனிமே யாருக்கும் போன் போட மாட்டேன்னு சொன்னேன். போடல. அவளுக்குப் புது போன் வாங்கிக் குடுத்தேன். அதுக்குள்ள, அவ எங்க இருக்கான்னு காட்டுற ஒண்ணை அவளுக்குச் சொல்லாம போட்டு வச்சேன்."

அப்போதெல்லாம் வேலைக்கு நடுவே, மேஜைக்குக் கீழே தன் போனை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்ப்பாராம். புள்ளி ஆபீஸில் இருக்கும். புள்ளி பஸ்ஸில் நகரும். புள்ளி வீட்டுக்கு வந்து நிற்கும். அதைப் பார்த்தால்தான் அவர் கை நடுங்காமல் பல் நடும்.

"ஒரு நாள் பூரா புள்ளி வீட்டுலயே இருந்துச்சு. உடம்பு சரியில்லபோல, லீவு போட்டிருக்கான்னு நெனச்சேன். நிம்மதியா வேலை பாத்தேன்மா. அன்னைக்கு மாதிரி நிம்மதியா நான் இருந்ததே இல்ல. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா, மேஜை மேல போன் இருக்கு. அவ இல்ல. சார்ஜ் போட்டு வச்சிருந்தா. புள்ளி அணைஞ்சுடக் கூடாதுன்னு."

வெந்நீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை.

சில நாள் கழித்து யாரோ ஒருத்தரின் போனிலிருந்து அவள் பேசினாளாம். நல்லா இருக்கேன் என்றாளாம். "என்னைத் தேடாதீங்கப்பா. நீங்க தேடுறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, இருக்குற இடத்தை விட்டும் போயிடுவேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வருஷங்கள் போயின. அவர் தேடவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் பொண்ணு, வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தங்கள் படத்தையும் வேலையையும் போட்டு வைக்கும் ஒரு தளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவர் மகளின் பெயரை அதில் அடித்துப் பார்த்தார். இருந்தாள். ஏதோ ஓர் ஊரில் குடிதண்ணீரைச் சோதிக்கும் இடத்தில் வேலை. வெள்ளைக் கோட்டு போட்ட படம். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் சேர்ந்துகொள் என்றது தளம். தன் பெயரையும், வேலை அட்டைக்கு எடுத்த படத்தையும் போட்டுச் சேர்ந்துகொண்டார்.

"தெனம் ஒரு தரம் பாத்துட்டு வந்துடுவேன். அதுல புதுசா ஒண்ணும் இருக்காது. அதே படம்தான். கண்ணுக்குக் கீழ அவ அம்மாவுக்கு இருக்கற மாதிரியே ஒரு மச்சம்."

"அவங்களுக்குத் தெரிஞ்சுடாதா அண்ணே?"

"எப்படித் தெரியும்? அஞ்சு காவல் போட்டிருக்கேனே. அதுக்கு மேல பாஸ்வேர்டு வேற போட்டுட்டுதான் உள்ள போறேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட மாதிரி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாஸ்வேர்டு என்றால் பூட்டு என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

கிளம்பும்போது கேட்டார். "தங்கச்சி, நீ கடவுளைக் கும்பிடும்போது அவளுக்கும் சேத்துக் கேளேன்."

"கேக்குறேன் அண்ணே. பேரு என்ன?"

கொஞ்சம் யோசித்தார். "பேரு சொல்லித்தான் ஆகணுமா?"

"வேண்டாம். கடவுளுக்குத் தெரியாததா?" என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவர் வேலைக்கு வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது.

காய்ச்சல் விட்டு வந்தவர் மறுபடி மதியம் தவறாமல் அங்கே போய் உட்கார்ந்தார். இப்போது அந்த முதுகைப் பார்க்கும்போது எனக்கு விஷயம் தெரியும். என் டப்பாவின் மூடியைச் சத்தமில்லாமல் திறப்பேன். இப்படியே சில மாதம் போயிற்று.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி டீ குடித்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் பொண்ணு தன் போனைப் பார்த்தவள் ஓவென்று சிரித்தாள்.

"அண்ணே! நீங்களும் இதுல இருக்கீங்களா? சொல்லவே இல்ல! என்னை வேவு பாக்குறீங்களா?"

"என்னம்மா சொல்ற?"

"இங்க பாருங்க. என் பக்கத்தை யாரு யாரு வந்து பாத்தாங்கன்னு போட்டிருக்கு. உங்க போட்டோ! வேலை அட்டைப் போட்டோவே போட்டிருக்கீங்க, ஜெயில்ல எடுத்த மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். மெழுகண்ணனின் கையில் டீ நின்றது. முன்தினம், அவர் மகளைப் பார்க்கும் அதே தளம் 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று கம்ப்யூட்டர் பொண்ணின் படத்தைக் காட்டியிருக்கிறது. நம்ம பொண்ணுதானே என்று விரல் பட்டுவிட்டது.

"பாத்தா... பாத்தவங்க பேரு அங்க தெரியுமா?"

"தெரியும்ணே. இந்தத் தளத்துல அப்படித்தான். யார் வந்தாங்க, எப்ப வந்தாங்க, எல்லாம் சொல்லும்."

"நான்தான் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கேனே. அஞ்சு."

"அது வேறண்ணே." அவள் இன்னும் சிரிப்பை விடவில்லை. "அது பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வர்ற விளம்பரக்காரன், கணக்கெடுக்கறவன், அவனுங்களைத் தடுக்கும். நீங்க முன்வாசல்ல போய், நான்தான் இன்னார்னு பேரைச் சொல்லி உள்ள போறீங்க. அதை எது தடுக்கும்? நீங்களே சொன்னதை எப்படி மறைக்கும்?"

"பாஸ்வேர்டு?"

"பாஸ்வேர்டு, வேற யாரும் உங்க பேரைச் சொல்லி உள்ள போயிடக் கூடாதுன்னு. வந்திருக்கறது சத்தியமா நீங்கதான்னு நிரூபிக்கத்தான் அது. உங்களை ஒளிச்சு வைக்க இல்லண்ணே."

அவர் எழுந்து பழைய கம்ப்யூட்டர் பக்கம் போனார். அவளும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இத்தனை எதுக்குப் போட்டீங்க? வெயில் காலத்துல ரெயின்கோட், தொப்பி, கண்ணாடி, குடை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டுத் தெருவுல போனா எப்படி இருக்கும்? யாருடா அதுன்னு திரும்பித் திரும்பிப் பாக்க மாட்டாங்க? இவ்வளவு சேத்தா அதுவே ஒரு அடையாளம்ணே. இது என்ன, பேரே கேள்விப்படாததா இருக்கு? போடும்போது எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"குடுத்தீங்களா?"

"காவலுக்குத்தானேன்னு குடுத்தேன்."

"நல்லா இருக்கு! வாட்ச்மேன்கிட்ட பீரோ சாவி."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். சுவரிலிருந்த பிளக்கையும் பிடுங்கினார். பிறகு தன் மேஜைக்குப் போய் விளக்கைப் பற்றவைத்தார். அன்றைக்கு நட்ட பல்லை எல்லாம் மறுநாள் பிடுங்கித் திரும்ப நட்டார்.

யோசித்துப் பாருங்கள். தினமும் மதியம், ரொட்டியும் கையுமாக, யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வந்ததாக நினைத்த மனிதர். அங்கே மகளின் போனில் தினமும் அவர் முகம் போய் நின்றிருக்கிறது. அப்பா வந்தார். அப்பா வந்தார். அப்பா மறுபடியும் வந்தார்.

அடுத்த நாளிலிருந்து எங்களோடு நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம். எங்களோடு இருந்தபோது அவர் இன்னும் தனியாகத் தெரிந்தார். சாப்பிடுவார், டப்பாவைக் கழுவுவார், போய்விடுவார். ஒரு நாள் பிளாஸ்டர் அச்சை வாங்க வந்தபோது என்னிடம் மெல்லச் சொன்னார்.

"அவ அந்த வேலையை விட்டுப் போயிட்டாளா, இல்லையான்னு தெரியணும் தங்கச்சி. தெரிஞ்சுக்கணும்னா போய்ப் பாக்கணும். பாத்தா, போகாதவளும் போயிடுவா."

அன்று ராத்திரி கடவுளிடம் கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல், நீயே பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

கம்ப்யூட்டர் பொண்ணும் நிம்மதியாக இல்லை. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனா அக்கா, என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தாள். மெழுகண்ணனிடம் கேட்டுவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் நின்னு முழுசா சொல்லியிருக்கணும்க்கா. போன் வந்துச்சுன்னு ஓடிட்டேன்."

நேராக அவரிடம் போனாள். "அண்ணே, அந்தத் தளத்துலயே செட்டிங்குல ஒரு இடம் இருக்கு. அதை மாத்திட்டா நீங்க பாத்தது யாருக்கும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் செய்ய முடியாததை அதுதான் செய்யும். வாங்க, மாத்தித் தரேன். இனிமே தைரியமா பாக்கலாம்."

அவர் வெகுநேரம் மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். என்னையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிளக்கை மாட்டினோம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருமிக்கொண்டு எழுந்தது.

பெயரை அடித்தார். பாஸ்வேர்டை அடித்தார். "அவ பக்கத்துக்குப் போயிடாதேம்மா" என்றார்.

"போகல. உங்க பக்கத்துலதான் இருக்கேன்." செட்டிங்கைத் தேடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அண்ணே, உங்க பக்கத்தைப் பாத்தவங்கன்னு ஒரு இடம் இருக்கே, இதை நீங்க திறந்து பாத்ததே இல்லையா?"

"என் பக்கத்தை யாரும்மா பாக்கப் போறா?"

திறந்தாள். இரண்டே வரிகள். இரண்டிலும் ஒரே படம். வெள்ளைக் கோட்டு, கண்ணுக்குக் கீழே மச்சம்.

முதல் தடவை சில மாதத்துக்கு முன்னால், குளிர்காலத்தில். நான் தேதியைப் பார்த்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவர் காய்ச்சலில் கிடந்த வாரம். இரண்டாவது, நாலைந்து நாளைக்கு முன்னால். அவர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது.

"நான் வராத நாளுல வந்திருக்கா" என்றார்.

திரையின்மேல் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனவர், தொட்டுவிடப் பயந்தவர் மாதிரி இழுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பொண்ணு மூக்கை உறிஞ்சினாள். "அவங்களும் அந்தச் செட்டிங்கை மாத்தி, மறைஞ்சு வந்திருக்கலாம்ணே. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். மாத்தாமதான் வந்திருக்காங்க. இப்ப உங்களுக்கு மறைச்சுடவா? நீங்க போய்ப் பாத்துட்டு வரலாம்."

"வேண்டாம்மா."

"அப்ப மறைக்காம பாக்கறீங்களா?"

"அதுவும் வேண்டாம்." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "தேடாதீங்கன்னுதான் சொன்னா. இத்தனை நாள் அதைத்தான் நான் கேக்கல. போன்ல போட்டு வச்சதும் திருட்டுத்தனம், இதுவும் அதேதான். இனிமே நான் போகல. அவளுக்குத் தோணுச்சுன்னா வரட்டும். வந்தா பாக்கறதுக்கு இங்க ஏதாவது இருக்கணும்ல? என் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெயர், அந்த ஜெயில் போட்டோ, அவ்வளவுதான்.

"எழுதணும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பல் செட் செய்யும் இடத்தில் மெழுகு வேலை. அதே இடம்தான், மாறவில்லை. குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன். இப்போது தேவலை. கண்ணுக்குப் புதுக் கண்ணாடி. டயர்க் கடையின் மேலே அறை. யாரையும் தேடவில்லை. நன்றாக இருக்கிறேன்.

"அண்ணே, இதுல எல்லாரும் வேலையைப் பத்திப் பெருமையாத்தான் எழுதுவாங்க. காய்ச்சலை எல்லாம் யாரும் போட மாட்டாங்க. வீடு எங்க இருக்குங்கறதையும் போடாதீங்க. ஊரே பாக்கும். நீங்களா எழுதி வச்சதை எந்த எக்ஸ்டென்ஷனும் வந்து மறைக்காது."

"மறைக்கறதுக்கா எழுதறேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். டயர்க் கடையை மட்டும் எப்படியோ கெஞ்சி எடுக்க வைத்தாள். காய்ச்சலை அவர் விடவில்லை.

"போட்டோவையாவது மாத்துவோம்ணே. இதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு." அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க, ஒரு தரம் நீங்க பல்லைக் காட்டுங்க."

மெழுகண்ணனுக்குச் சிரிக்க வரவில்லை. உதடு இரண்டு தரம் திறந்து மூடியது. மூன்றாம் தரம் ஏதோ ஒன்று வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதைப் போட்டோம்.

அந்த ஐந்து எக்ஸ்டென்ஷன்களில் முதலில் அவள் போட்டுக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டார். "விளம்பரக்காரனைத்தானே தடுக்குது, அது பாட்டுக்கு அதோட வேலையைப் பாக்கட்டும்" என்றார். மற்ற நான்கையும் அவள் எடுத்துவிட்டாள்.

இப்போதும் மதியத்தில் அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருகிறார். மகளின் பக்கத்துக்குப் போவதில்லை. தன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொட்டியைச் சாப்பிடுகிறார். சில வாரங்களில் அங்கே அவள் படம் வந்திருக்கும். பல வாரங்களில் இருக்காது. போனும் இல்லை, பேச்சும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று மட்டும் தெரியும். எப்போதாவது ஒரு வரி மாற்றி எழுதுவார். கைவலி குறைந்தது என்று ஒரு தரம். மழை அதிகம் என்று ஒரு தரம்.

போன வாரம் அச்சை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். ஒரு செட்டை முடித்திருந்தார். கருவியில் மாட்டி ஒரே ஒரு தரம் கடிக்க வைத்துப் பார்த்தார். இறக்கி வைத்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி எடுக்கவில்லை.

"இன்னைக்கு வந்தாங்களா அண்ணே?"

"இல்லம்மா" என்றார், விளக்கை அணைத்துக்கொண்டே. "காவல்காரன் மட்டும் பன்னெண்டு பேரைத் தடுத்திருக்கான்."

ராத்திரி கும்பிடும்போது இப்போதும் அவர் மகளுக்காகக் கேட்கிறேன். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.